வெளியூரு வேற, உள்ளூரு வேற

புது ஊருக்குப் போய், தங்கியிருக்கும் லாட்ஜின் வாசலில் நின்று ‘இங்கே சாப்பாடு எங்கே நன்றாயிருக்கும்?’ என்று மேனேஜரைக் கேட்கிறவன் அன்றைக்குப் பட்டினிதான் என்பது அன்புக்கரசியின் தீர்ப்பு. மேனேஜர் கைகாட்டும் ஓட்டல் அவன் மச்சானுடையதாக இருக்கும். அங்கே வழவழவென்ற அட்டையில் பலகாரங்களைப் படம்பிடித்துப் போட்டிருப்பான். படத்தைப் பார்த்துச் சோறு தின்னும் நிலைமை மனுஷனுக்கு வரக்கூடாது என்பாள்.

அவள் கேட்பது வேறு ஆட்களை. கண்காட்சி அரங்கைப் பெருக்குகிற பெண், ஸ்டாலுக்குச் சரக்கு இறக்குகிறவர், பூ விற்கிறவள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருக்கிறவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். வயிற்றைத் தொட்டுக்காட்டி, வாயருகே கையைக் கொண்டுபோய், ‘நீங்க எங்கே?’ என்று சைகையில் கேட்பாள். பிறகு காதைத் தொட்டுக்காட்டித் தொடையில் தாளம் போடுவாள். அந்த இரண்டு கேள்விகளும் எந்த மொழிக்காரருக்கும் புரிந்துவிடும்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் அவளும் கணவர் கோதண்டபாணியும் ஒரு பொம்மை ஷெட் வைத்திருக்கிறார்கள். களிமண் குழம்பை அச்சில் ஊற்றி, காயவைத்து, சூளையில் சுட்டு, வர்ணம் பூசி எடுப்பதெல்லாம் கோதண்டபாணியின் மேற்பார்வை. விற்பது இவள். அவருக்கு வேப்பூர் தாண்டினாலே தலை சுற்றும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் வாந்தி எடுப்பார். அதனால் பெட்டி பெட்டியாகப் பொம்மைகளை வைக்கோல் சுற்றி அடுக்கிக்கொண்டு கண்காட்சிகளுக்கு இவள் போக ஆரம்பித்தாள். பொம்பளை தனியாக ஊர் ஊராகப் போகலாமா என்று முதலில் முனகிய சொந்தக்காரர்கள், திரும்பி வரும்போது பெட்டிகள் காலியாக வருவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். மூடாதவர்களை இவளே மூடவைத்தாள். அவளுக்குக் கோபம் சட்டென்று வரும். ‘பேருல மட்டும்தான்யா அன்பு இருக்குது’ என்பது எஸ்டேட்டில் எல்லோரும் சொல்லும் வேடிக்கை. அவள் காதில் விழாமல்தான் சொல்வார்கள்.

புவனேஸ்வரத்தில் அரங்கு பெருக்குகிற ஒருத்தியின் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, தண்ணீர் ஊற்றிய பழைய சோறும் பொரித்த சிறு மீனும் சாப்பிட்டிருக்கிறாள். அடுத்த சந்துக் கோயிலில் மத்தளம் கொட்டிப் பாடிய கூட்டத்தோடு, ஒரு வார்த்தைகூடப் புரியாமல், கைதட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். நாக்பூரில் சரக்கு இறக்குகிறவர்கள் வட்டமாக உட்கார்ந்து சோள ரொட்டியைப் பிய்த்துத் தின்றபோது இவளுக்கும் ஒரு பாதி வந்தது. ஐதராபாத்தில் ஒரு வியாழக்கிழமை தர்காவில் கவ்வாலி கேட்டு, காரணமே இல்லாமல் அழுதிருக்கிறாள். எந்த ஊரிலும், யார் சமைத்தது, யார் பாடுகிறார்கள், அவர்கள் என்ன ஆட்கள் என்று அவள் கேட்டதே இல்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை.

கோழிக்கோட்டில்தான் சுகரா பழக்கமானாள். பக்கத்து ஸ்டாலில் அல்வாவும் நேந்திரங்காய் வறுவலும் விற்ற பெண். இவளைவிடச் சற்று மூத்தவள். தமிழ்நாட்டுக் கண்காட்சிகளுக்கு வந்து வந்து தமிழை ஒருவிதமான இராகத்தோடு பேசுவாள். அவர்கள் பக்கத்தில் அக்காவை இத்தா என்பார்கள். இவளும் இத்தா என்றே கூப்பிட்டாள். சுகரா அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பத்திரி என்கிற அரிசி ரொட்டியும் கல்லுமக்காய் என்கிற சிப்பிப் பொரியலும் போட்டாள். பிறகு கடைத்தெருவில் ஒரு மரப்படி ஏறி மாடி அறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே தையற்காரர் ஒருவர் ஆர்மோனியம் வாசிக்க, மீன் மார்க்கெட்டில் எடை போடுகிறவர் கண்ணை மூடிப் பாடினார். டிக்கெட்டும் இல்லை, மேடையும் இல்லை. வந்தவர்கள் பாய்மேல் உட்கார்ந்து கேட்டார்கள்.

‘நான் உங்க ஊருக்கு வருவேன், அன்பு. எனக்கும் பாட்டும் சோறும் வேணும்’ என்றாள் சுகரா.

‘வாங்க இத்தா. எங்க ஊருல இல்லாத பாட்டா, இல்லாத சோறா?’ என்று இவளும் வாயைக் கொடுத்துவிட்டாள்.

வைகாசியில் சுகரா நிஜமாகவே வந்துவிட்டாள். மங்களூரிலிருந்து புதுச்சேரி போகிற ரயிலில் வெள்ளிக்கிழமை காலை ஜங்ஷனில் இறங்கினாள். பகலெல்லாம் எஸ்டேட்டைச் சுற்றிப் பார்த்தாள். சாயங்காலம் எங்கே போவது என்பதைக் கோதண்டபாணி முன்பே முடிவு செய்திருந்தார். பைபாஸில் புதிதாகத் திறந்த ஏ.சி. ஓட்டல், வாசலில் ‘லைவ் மியூசிக்’ என்று மின்விளக்குப் பலகை எரிந்தது. வாடகைக் காரும் சொல்லி வைத்திருந்தார்.

உள்ளே போனால் சுவரளவு டிவியில் சினிமாப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. பாடுகிறவர் எங்கே என்று அன்புக்கரசி கேட்டாள்.

‘சிங்கர் லீவுங்க மேடம். இதுவும் நல்ல சவுண்டுதான்’ என்றார் மேனேஜர்.

‘நம்ம ஊரு சாப்பாடு என்ன இருக்குது?’

அவர் பெருமையாக அட்டையை நீட்டினார். பட்டர் நான், பன்னீர், நூடுல்ஸ், எல்லாவற்றுக்கும் கீழே மலபார் பரோட்டா. சுகரா அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

‘அன்பு, இதைத் தின்னவா நான் ராத்திரி முழுக்க ரயில்ல வந்தேன்?’

மேனேஜர் ஆறுதலாகச் சொன்னார். ‘நம்ம ஊர்ல ஒண்ணும் கெடையாதுங்க மேடம். வந்தவங்கள பாண்டிச்சேரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க எல்லாம் இருக்குது.’

‘ஒண்ணும் கெடையாதா?’ என்று எழுந்துவிட்டாள் அன்புக்கரசி. ‘ரெண்டு லட்சம் பேரு வந்து போற ஜங்ஷன வச்சிக்கிட்டு, ஆத்தையும் கோயிலையும் வச்சிக்கிட்டு, ஒண்ணும் கெடையாதுன்னு சொல்ல ஒனக்கு வாயி எப்படி வந்துது? ஒன் ஓட்டல்ல ஒண்ணும் கெடையாதுன்னு சொல்லு. ஊர சொல்லாத.’

கோதண்டபாணி அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். கார் திரும்பும்போது சாலை அடைபட்டிருந்தது. அம்மன் கோயிலுக்குக் கரகம் எடுத்துப் போகிறார்கள். முன்னால் மோளம். பறைகளின் அடி முதலில் காரின் தகரத்தில் கேட்டது, பிறகு நெஞ்சுக்குள் கேட்டது. சுகரா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

‘அண்ணே, இது என்ன?’

‘அது ஒண்ணும் இல்லம்மா. காலனி ஆளுங்க மோளம். காதப் பொத்துங்க, இப்பப் போயிடும்’ என்று கோதண்டபாணி தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினார்.

அன்புக்கரசி பார்த்தாள். கூட்டத்துக்கு நடுவே, காலை அகட்டி வைத்து, பறையை இடுப்போடு சேர்த்து, மற்ற நான்கு பேருக்கும் கண்ணாலேயே அடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் நல்லமுத்து. அவள் ஷெட்டில் சூளைக்குப் பொம்மை அடுக்குகிற நல்லமுத்து. அவர் மோளம் அடிப்பார் என்பது அவளுக்குத் தெரியாத செய்தி இல்லை. விசேஷங்களுக்கு லீவு கேட்பார், கொடுப்பாள். நின்று கேட்டதுதான் கிடையாது. அந்தச் சத்தம் தெருவில் வந்தால் ஷெட்டின் ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்வது வழக்கம். கரகமோ சாவோ எதுவாக இருந்தாலும், அது கடந்து போகக் காத்திருக்க வேண்டிய சத்தமாகத்தான் இதுவரை இருந்தது.

சுகரா கதவைத் திறந்து இறங்கியே போய்விட்டாள். கரகம் திருப்பம் தாண்டும்வரை கூட்டத்தோடு நடந்தாள். திரும்பி வந்தவள் முகம் வியர்த்திருந்தது. ‘இதை வச்சிக்கிட்டா அந்த டிவியைக் காட்டினே?’ என்றாள். அன்புக்கரசி வீடு வரும்வரை யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல், ‘ஆரன் அடிச்சிக்கிட்டே ஏன் ஓட்டுற?’ என்று கார் டிரைவரைத் திட்டிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை ஷெட்டில், சுட்ட பொம்மைகளை இறக்கிக்கொண்டிருந்த நல்லமுத்துவிடம் போனாள். அவர் அவளைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் ஷெட்டில் எல்லோருக்கும் அவர் வெறும் நல்லமுத்துதான்.

‘நல்லமுத்து, நேத்து கரகத்துல நீதான அடிச்ச? நல்லா இருந்துது.’

‘ஆமாம்மா’ என்றார் அவர். கைவேலை நிற்கவில்லை.

‘எங்க வூட்டுக்கு வந்திருக்கிற அம்மாவுக்குப் பாட்டு, கொட்டுன்னா உசுரு. சாயங்காலம் ஒன் குழுவ கூட்டியாந்து ஷெட்டுல கொஞ்ச நேரம் அடிச்சிக் காட்டு. என்ன கேட்டாலும் குடுத்துடறேன்.’

‘மாட்டேம்மா.’

‘ஏன், வேற எடத்துல ஒத்துக்கிட்டியா?’

‘இல்ல. சும்மாத்தான் இருக்கறேன். ஆனா மாட்டேன்.’

அவர் கையிலிருந்த பொம்மையைப் பலகையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். அத்தனை வருஷத்தில் அவர் அவளை நேராகப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

‘நான் இங்க வேலைக்குச் சேந்தப்ப ஒங்க பெரிய பையன் கைக்கொழந்தம்மா. எம்பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிக வச்சேன், கவரு வந்துது. எங்கப்பா செத்தாரு, கவரு வந்துது. வூடு கட்டிப் பாலு காச்சினேன், அதுக்கும் கவரு வந்துது. ஒங்க கவருக்கு எங்க வூட்டுக்கு வழி நல்லாத் தெரியும். ஒங்களுக்குத்தான் தெரியாது.’

‘இப்ப என்னத்துக்கு அதெல்லாம்...’

‘கேரளாவுலேருந்து ஒருத்தவங்க வந்து காத நீட்டுனாத்தான் எங்க மோளம் ஒங்களுக்குக் கேக்குது. அதுவரைக்கும் ஷட்டர எறக்குவீங்க. இப்ப அடிச்சிக் காட்டணும். நான் என்னா, பொருட்காட்சியில வச்ச பொம்மையாம்மா?’

அன்புக்கரசிக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல, கோபம்தான். சம்பளம் வாங்குகிறவன் முதலாளியம்மாவிடம் பேசுகிற பேச்சா இது! ‘வேலையப் பாரு’ என்ற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. அச்சில் ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த வார்த்தையை எங்கே வைத்துச் சொல்வது? அவர் சொன்னதில் மறுக்க ஒரு வரிகூட இல்லையே. மறுக்க முடியாத பேச்சு கொடுக்கிற எரிச்சல் போல வேறொன்று இல்லை.

நல்லமுத்துவே முடித்து வைத்தார். ‘நாளைக்குத் தங்கச்சி மவளுக்கு மஞ்சத் தண்ணி. போன வாரமே பத்திரிக குடுத்திருக்கேன், காலண்டருக்குப் பின்னால சொருவி வச்சிருப்பீங்க. வரதா இருந்தா வாங்க, அந்த அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. பந்தியில ஒக்காந்து சாப்புடறதா இருந்தா வாங்க. வாசல்ல நின்னு பாத்துட்டுப் போறதுன்னா, கவரே அனுப்பிடுங்க.’

பத்திரிகை காலண்டருக்குப் பின்னால்தான் இருந்தது.

அன்று மாலை சுகரா மாடியில் தொழுதுகொண்டிருந்தபோது அடுக்களையில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை நடந்தது. நாளை நல்லமுத்து வீட்டு விசேஷத்துக்குப் போகப்போவதை அன்புக்கரசி சொன்னதும் கோதண்டபாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறினார். தட்டிலிருந்த குழம்பு சுவரில் தெறித்தது.

‘காலனிக்கா? வந்த பொம்பளையக் கூட்டிக்கிட்டா? புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு? கவரு குடுத்துடலாம். கூடவே சேத்துக் குடுத்துடலாம்.’

‘சாப்புடக் கூப்புட்டிருக்காரு.’

‘கூப்புட்டா? நம்ம பக்கத்துல எவன் போயி அங்க சாப்புட்டிருக்கான்?’

‘புவனேஸ்வரத்துல சாப்புட்டேன். நாக்பூருல சாப்புட்டேன். சொன்னப்பல்லாம் கத மாதிரி கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?’

‘வெளியூரு வேற, உள்ளூரு வேற. அங்க ஒன்ன யாரு பாத்தா?’

அன்புக்கரசி கையிலிருந்த கரண்டியை வீசி எறிந்தாள். அது பாத்திரத் தொட்டியில் விழுந்து எழுப்பிய ஓசையில் தெரு நாய் குரைத்தது. ‘அப்ப யாரும் பாக்காத எடத்துல நான் மனுஷி, பாக்கற எடத்துல நான் யாரு?’ என்று கேட்டாள். அவருக்கு அது புரிந்ததோ இல்லையோ, ‘மாரியாத்தா, இவ வாய அடக்கு’ என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. புருஷன் சொன்னது அவளுக்குப் புதிதல்ல. அவளும் இத்தனை வருஷம் அதே சட்டத்தின்படிதான் நடந்திருக்கிறாள். சொல்லாமல் செய்ததை அவர் வாயைத் திறந்து சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அதுதான் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுகராவை ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கம்மாபுரம் சாலையில் போனாள். முந்திரித் தோப்புகள் வெயிலில் வாடிக் கிடந்தன. ஊருக்குள் நுழைந்து, அகலத் தெருக்களைத் தாண்டி, தெரு குறுகுகிற இடத்தில் வண்டியைத் திருப்பியபோது, டீக்கடை பெஞ்சில் இருந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் எழுந்து நின்று பார்த்தார். அன்புக்கரசி வேண்டுமென்றே ஆரனை அழுத்திக்கொண்டு போனாள்.

பந்தல் வாசலில் நல்லமுத்து வெள்ளை வேட்டி சட்டையில், தோளில் பட்டுத் துண்டோடு நின்றார். ஷெட்டில் மண்ணும் தூசுமாகவே பார்த்த ஆள். சட்டென்று அடையாளம் தெரியவில்லை. ‘வாங்க’ என்றார். அவர் மனைவி நீலாவதி வந்து சந்தனமும் கற்கண்டும் நீட்டினாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

‘ஒங்க ஊரு சாப்பாடு சாப்புடத்தான் வந்தேன்’ என்றாள் சுகரா, உற்சாகமாக. ‘கருவாட்டுக் குழம்பு, களி...’

‘விசேஷத்துக்கு எவங்க வூட்டுல கருவாடு போடுவாங்க?’ என்றாள் நீலாவதி வெடுக்கென்று. ‘பிரியாணிதான். சீரகச் சம்பா. ஆடு டவுன்ல பாய் கடையில அறுத்ததுதான், நீங்க தாராளமா சாப்புடலாம்.’

சுகரா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் கேட்காமலே தனக்காக யோசித்திருக்கிறார்கள் என்பதை அவள் அந்த வீட்டில்தான் கண்டாள். அன்புக்கரசியின் வீட்டில் இரண்டு நாளாக அது யாருக்கும் தோன்றவில்லை. அன்புக்கரசிக்கு அதுவும் சுருக்கென்றது.

பந்தியில் இலை போட்டார்கள். பிரியாணி விழுந்தது. பக்கத்தில் கத்தரிக்காய்க் குழம்பு, அதில் ஓட்டிலிருந்து உரித்த பச்சை முந்திரிப் பருப்பு பால்வெள்ளையாக மிதந்தது. அன்புக்கரசி கையைக் கொண்டுபோனாள். கை இலைக்கு மேலே நின்றுவிட்டது.

அவள் நிறுத்தவில்லை; கைதான் நின்றது. எத்தனை ஊரில் எத்தனை பேர் இலையில், தட்டில், காகிதத்தில் அள்ளிய கை! சொந்த ஊரின் சோற்றுக்கு முன்னால், யாரோ பின்னாலிருந்து பிடித்தது போல நின்றது. அந்த ஒரு நொடியில் தன் கைமேல் அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு, புருஷன்மேலும் மேனேஜர்மேலும் வந்ததெல்லாம் சேர்ந்தாலும் ஈடில்லை. வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

நீலாவதி அதைப் பார்த்துவிட்டாள். கையில் குழம்பு வாளியோடு எதிரே நின்று, ‘புடிக்கலன்னா வச்சிருங்கக்கா. கட்டாயம் ஒண்ணும் இல்ல’ என்றாள். குரல் தட்டையாக இருந்தது. இந்த நிறுத்தத்தை அவள் பல கைகளில் பார்த்திருக்கிறாள்.

அன்புக்கரசி அள்ளிச் சாப்பிட்டாள். கண்ணில் நீர் வந்தது. காரம் என்று நினைத்துக்கொள்ளட்டும். ‘கத்தரிக்கா இன்னும் கொஞ்சம் வைங்க’ என்றாள். நீலாவதி வைத்தாள். சமாதானமாகவெல்லாம் இல்லை, கேட்டதற்கு வைத்தாள். ஆனால் முந்திரியாகப் பார்த்து அள்ளி வைத்தாள். சுகரா மூன்றாம் முறை பிரியாணி வாங்கிக்கொண்டு, ‘எங்க கோழிக்கோட்டு ஆளுங்ககிட்ட இதைச் சொன்னா என்னைக் கொல்லுவாங்க’ என்றதும் பந்தி முழுக்கச் சிரித்தது. நீலாவதியும் வாளியைச் சாய்த்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் மோளம். பந்தலுக்கு வெளியே வைக்கோலைக் கொளுத்திப் பறைகளைக் காய்ச்சினார்கள். தோல் இறுகிவிட்டதா என்று விரலால் சுண்டிப் பார்த்தார்கள். திட்டக்குடியிலிருந்து வந்த இளைஞர்கள். ஜீன்ஸ், ஒரே நிறச் சட்டை, சட்டையின் முதுகில் குழுவின் பெயர். சுகரா நல்லமுத்துவிடம் போய், ‘நீங்க அடிக்கலையா? உங்க மேளத்தைக் கேட்கத்தானே வந்தேன்’ என்றாள்.

‘இன்னைக்கு நான் தாய்மாமன்மா’ என்றார் அவர். ‘சீரு தூக்கணும், மாலை போடணும். எங்க வூட்டு விசேஷத்துல நான் அடிச்சா அப்பறம் என்னைக்குத்தான் நான் கேக்கறது?’

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்டார். அடி மெதுவாகத் தொடங்கி, குறுக்கே வேறொரு அடி புகுந்து, இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போயின. ஒரு கட்டத்தில் ஐந்து பேரும் சட்டென்று நிறுத்தினார்கள். அந்த அமைதியில் பந்தலில் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்தார்கள். மறுபடி விழுந்தது அடி. தாய்மாமன் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். இந்தச் சத்தத்துக்கா ஷட்டரை இறக்கினோம் என்று அன்புக்கரசி நினைத்தாள். ஐதராபாத்தில் வந்த அழுகை இங்கே வரவில்லை. பறிகொடுத்த எரிச்சல்தான் வந்தது. யாரோ அவளிடமிருந்து எதையோ திருடியிருக்கிறார்கள். கதவைத் திறந்து கொடுத்ததும் அவளேதான்.

வீட்டுக்குத் திரும்பியபோது கோதண்டபாணி வாசல் படியில் வழிமறித்து உட்கார்ந்திருந்தார். டீக்கடைச் சொந்தக்காரர் போன் செய்திருப்பார் போல.

‘பின்னால போயி தலையோட குளிச்சிட்டு உள்ள வா’ என்றார்.

அன்புக்கரசி வாயைத் திறப்பதற்குள் சுகரா முந்திக்கொண்டாள். கிண்டல் இல்லாமல், நிஜமான சந்தேகத்தோடு கேட்பது போலக் கேட்டாள். ‘நானும் குளிக்கணுமா அண்ணே? நானும்தானே சாப்பிட்டேன்.’

‘ஐயோ, ஒங்கள சொல்லலம்மா!’

‘ஏன் சொல்லல?’ என்று சீறினாள் அன்புக்கரசி. ‘சொல்லுங்க. விருந்தாளின்னு வெக்கமா? கட்டின பொண்டாட்டின்னா சொல்லலாமா?’

அவரைத் தாண்டி உள்ளே போனாள். கை கால்கூடக் கழுவவில்லை. நேரே அடுக்களைக்குப் போய் உப்பு ஜாடியில் கையை விட்டாள், அரிசிப் பானையில் கையை விட்டாள், தண்ணீர்க் குடத்தில் சொம்பை முக்கிக் குடித்தாள். ‘இந்த வூட்டுல இனிமே எல்லாத்தையும் தொட்டாச்சி. எதத் தொடலன்னு பாத்து அதத் தின்னுக்கங்க’ என்றாள்.

கோதண்டபாணி அன்றிலிருந்து வீட்டில் சாப்பிடவில்லை. மூன்று வேளையும் பஸ் ஸ்டாண்டு ஓட்டல். சுகரா ரயில் ஏறிய மறுநாளும் அப்படியே. ‘அந்த ஓட்டல்ல சமைக்கிறது யாருன்னு கேட்டுட்டுச் சாப்புடுங்க’ என்று அன்புக்கரசி தெருவில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி அனுப்புவாள். அவள் நாத்தனார் வீட்டிலிருந்து வருகிற பலகாரம் நின்றது. எதிர்வீட்டுக்காரி தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்திக்கொண்டாள். கடைசியில் ஓட்டல் எண்ணெய் கோதண்டபாணியின் வயிற்றைக் கெடுத்தது. ஒருநாள் மத்தியானம் ஒன்றும் பேசாமல் வந்து உட்கார்ந்து ரசம் சோறு கேட்டார். அவளும் ஒன்றும் பேசாமல் போட்டாள். மன்னிப்பும் இல்லை, சமாதானமும் இல்லை. இன்றைக்கும் அந்த விஷயத்தை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசினால் பாத்திரம் பறக்கும்.

ஷெட்டிலும் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. நல்லமுத்துவை ‘வாங்க, போங்க’ என்று சொல்லத் தொடங்கினாள். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. டீ வரும்போது வேலையாட்களுக்குப் பேப்பர் கப்பும் தங்களுக்கு எவர்சில்வர் டம்ளரும் என்று இருந்ததை ஒரு நாள் பார்த்தாள். தினமும் பார்த்ததுதான், அன்றுதான் கண்ணில் பட்டது. கப்புகளைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லோருக்கும் டம்ளர் வாங்கி வைத்தாள். நல்லமுத்து மட்டும் வீட்டிலிருந்து சொந்த டம்ளர் கொண்டுவர ஆரம்பித்தார். ‘ஏங்க, இது ஆகாதா?’ என்று கேட்டாள். ‘எதுல குடிக்கணும்னு நானே பாத்துக்கறேம்மா’ என்றார். அவர் கோபம் அவருடையது. அதைத் தீர்த்து வைக்கிற உரிமை தனக்கு இல்லை என்பது அவளுக்கு எரிச்சலாகவே இருந்தது.

மழைக்காலம் தொடங்குமுன் பொம்மை உற்பத்தியாளர் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். வெளிமாநிலத்து வியாபாரிகள் எஸ்டேட்டைப் பார்க்க வருகிறார்களாம். செயலாளர் சுப்புராயன் எழுந்து, வந்தவர்களுக்கு நம் மண்ணின் கலையைக் காட்ட வேண்டும், நம் மண்ணின் சாப்பாடு போட வேண்டும் என்று அரைமணி நேரம் பேசினார். பிறகு அன்புக்கரசி பக்கம் திரும்பிச் சிரித்தார்.

‘மோளத்துக்கு ஒங்க ஷெட்டு நல்லமுத்து குழு இருக்குது. நீங்கதான் அவங்க வூட்டுக்குப் போயிப் பழக்கமாச்சே. ஒரு வார்த்த சொல்லிடுங்க, வந்து அடிச்சிட்டுப் போவட்டும். நம்ம ஆளுதான, காசு கீசுன்னு கேக்க மாட்டான்.’

நாலைந்து பேர் சிரித்தார்கள். அன்புக்கரசி எழுந்த வேகத்தில் பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

‘நம்ம ஆளா? எப்பத்துலேருந்துங்க? போன மாசம் வரைக்கும் காலனி ஆளு, வெளிமாநிலத்தான் வந்தா நம்ம ஆளா? அவர்கிட்ட என்னை ஏன் தூது வுடறீங்க? ஒங்களுக்குக் கால் இருக்குது, வண்டி இருக்குது. ஞாயித்துக்கெழம மத்தியானமா போங்க. அவங்க எல போட்டா ஒக்காந்து சாப்புடுங்க, கமிட்டி மொத்தமும். சாப்புட்டு முடிச்சிட்டு, எவ்வளவுக்கு வருவீங்கன்னு மரியாதையா கேளுங்க. அவரு வரேன்னா வருவாரு, வரலன்னா வரமாட்டாரு.’

‘இதுக்குப் போயி ஏம்மா இவ்வளோ கோவப்படறீங்க?’ என்றார் சுப்புராயன்.

‘நீங்க ஏன் படலன்னு யோசிச்சிப் பாருங்க’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கமிட்டியில் ஒருவரும் போகவில்லை. வியாபாரிகளுக்குப் பைபாஸ் ஓட்டலில் விருந்து நடந்தது. கடலூரிலிருந்து ஒரு பாட்டுக் குழுவை வரவழைத்தார்கள். வரவேற்புக் குழுவிலிருந்து அன்புக்கரசியின் பெயரை எடுத்துவிட்டதாகச் சொந்தக்காரர் ஒருவர் வந்து வருத்தத்தோடு சொன்னார். ‘எடுக்கட்டும்’ என்றாள்.

விருந்து நடந்த அன்று அவள் ஷெட்டில்தான் இருந்தாள். நல்லமுத்து சூளைக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் அவள் பேசியது அவர் காதுக்கு எட்டியிருக்கும். எஸ்டேட்டில் எட்டாத செய்தி கிடையாது. அதற்கு அவர் நன்றி சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. பைபாஸ் பக்கமிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் காற்றில் வந்தது. ‘தாளம் தப்புது’ என்றார் நல்லமுத்து, யாரிடமும் இல்லாமல். அன்புக்கரசி எழுந்து போய் ஷட்டரைத் தடாலென்று முழுசாக இறக்கிவிட்டு, அடுத்த பெட்டிக்கு வைக்கோல் சுற்ற உட்கார்ந்தாள்.